கண்காட்சிக்குப் படம் அச்சிடத் தாள் தேர்ந்தெடுப்பது எப்படி? முதன்முறை அச்சிடுவோருக்கு ஒரு வழிகாட்டி

காஞ்சிபுரத்துத் தறிக்கூடங்களில் எடுத்த 18 கறுப்பு வெள்ளைப் படங்களைச் சென்னையில் ஒரு குழுக் கண்காட்சிக்காக முதன்முறையாக அச்சிட்டபோது, அவற்றில் 11 படங்களை நான் மறுபடியும் அச்சிட வேண்டியதாயிற்று. கூரையின் கண்ணாடி ஓட்டிலிருந்து விழும் ஒற்றை வெளிச்சத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் இருள் நிறைந்த படங்கள் அவை. கணினித் திரையில் ஆழமாகத் தெரிந்த அந்த இருள், கைக்கு வந்த அச்சில் சாம்பல் பூத்துக் கிடந்தது. படக் கோப்பிலும் பிரிண்டரிலும் கோளாறு எதுவும் இல்லை. அந்தப் படங்களுக்குப் பொருந்தாத தாளை, அதன் பெயரைக்கூட முழுதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், விலை உயர்ந்தது என்பதற்காகவே நான் ஒப்புக்கொண்டிருந்தேன். அதனால் வீணான பணமும் மூன்று வாரமும் உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காக, நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். சொந்தமாகப் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கும் லேபில் கொடுத்து அச்சிடுபவர்களுக்கும் இது பொருந்தும்.

1. தாளைப் பார்ப்பதற்கு முன் படங்களைப் பிரித்து வையுங்கள்

எந்த நிறுவனத்தின் தாள் சிறந்தது என்று கேட்டுத் தொடங்காதீர்கள். முதலில் உங்கள் படங்களை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். ஆழ்ந்த கறுப்பே உயிராக இருக்கும் படங்கள் ஒரு பக்கம். மூடுபனி, மணல், வெளிறிய சுவர், முகத்தின் மென்மையான சாயல்கள் போன்ற வெளிர் தொனிகளால் நிற்கும் படங்கள் மறுபக்கம்.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்றால், ஒரு தாள் காட்டக்கூடிய மிக ஆழமான கறுப்புக்கு ஓர் எல்லை உண்டு. அதை டி-மேக்ஸ் என்ற எண்ணால் அளப்பார்கள். நல்ல மேட் தாளில், அதாவது பளபளப்பில்லாத தாளில், அது ஏறக்குறைய 1.6 முதல் 1.7 வரை இருக்கும். பாரைட்டா போன்ற பளபளப்புத் தாள்களில் 2.2-க்கு மேல் போகும். இது மடக்கை அளவு என்பதால் வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், 1.6 என்பது விழும் ஒளியில் சுமார் 2.5 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் கறுப்பு, 2.3 என்பது அரை விழுக்காட்டை மட்டுமே திருப்பி அனுப்பும் கறுப்பு. இரண்டுக்கும் இடையே ஐந்து மடங்கு வேறுபாடு இருக்கிறது. என் தறிக்கூடப் படங்கள் மேட் தாளில் சாம்பல் பூத்ததற்கு இதுதான் காரணம்.

அதே மேட் தாளில் என்னிடமிருந்த உப்பளக் காட்சிகள் மிக அழகாக வந்தன. ஆகவே ஒரு கண்காட்சியின் எல்லாப் படங்களும் ஒரே தாளில்தான் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள். ஆனால் ஒரே சுவரில் அடுத்தடுத்துத் தொங்கும் படங்களுக்கு இரண்டு தாள்களைக் கலந்தால், தாள்களின் வெண்மை வேறுபாடு கண்ணை உறுத்தும். சுவர் வாரியாகத் தாளைப் பிரிப்பது நல்லது.

2. தாள் வகைகளை நான்காகச் சுருக்கிக்கொள்ளுங்கள்

பட்டியல்களில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கும். தொடங்குபவருக்கு நான்கு வகை போதும்.

முதலாவது, ஆர்.சி. எனப்படும் பிளாஸ்டிக் பூச்சுத் தாள். ஸ்டூடியோக்களில் கல்யாணப் படங்களுக்குப் பயன்படும் லஸ்டர், க்ளாஸி தாள்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். விலை குறைவு, கறுப்பு ஆழம், உடனே உலர்வதுபோல் தோன்றும். சோதனைக்கும் ஆல்பத்துக்கும் நல்லது; விற்பனைக்கு வைக்கும் படங்களுக்கு நான் பயன்படுத்துவதில்லை.

இரண்டாவது, வழவழப்பான பருத்தி மேட் தாள். ஹானமூல நிறுவனத்தின் ஃபோட்டோ ராக் 308 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), கான்சன் இன்ஃபினிட்டியின் ராக் ஃபோட்டோகிராஃபிக் 310 ஜிஎஸ்எம் ஆகிய இரண்டும் இதில் பரவலாகத் தெரிந்த பெயர்கள். எதிரொளிப்பு இல்லாததால் எந்தக் கோணத்திலிருந்தும் பார்க்கலாம். வெளிர் தொனிகளுக்கு இதைவிட இதமான மேற்பரப்பை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, பாரைட்டாவும் அதன் சாயல் கொண்ட தாள்களும். பேரியம் சல்பேட் அடுக்கின் மேல் மை ஏற்கும் பூச்சு இருக்கும். இருட்டறையில் அச்சிட்ட பழைய வெள்ளி உப்புப் படங்களின் தோற்றத்தை விரும்புபவர்கள் இதையே நாடுகிறார்கள். ஹானமூலவின் ஃபோட்டோ ராக் பாரைட்டா 315 ஜிஎஸ்எம், கான்சனின் பாரைட்டா ஃபோட்டோகிராஃபிக் 310 ஜிஎஸ்எம், அதே நிறுவனத்தின் பிளாட்டின் ஃபைபர் ராக் 310 ஜிஎஸ்எம் ஆகியவற்றைச் சோதித்துப் பாருங்கள். என் தறிக்கூடப் படங்கள் கடைசியில் இந்த வகையில்தான் நிலைத்தன.

நான்காவது, சொரசொரப்பான தாள்கள். ஜெர்மன் எட்சிங், மியூசியம் எட்சிங் போன்றவை நீர்வண்ணத் தாளின் தோற்றம் கொண்டவை. கையில் எடுத்தவுடன் மயக்கிவிடும் என்பதுதான் இவற்றில் உள்ள ஆபத்து. முகம், துணியின் நெசவு, தொலைவில் உள்ள மரக்கிளைகள் போன்ற நுண்விவரங்கள் தாளின் மேடுபள்ளத்தில் கரைந்துபோகும். சிறிய அளவில் அச்சிட்டால் இந்தக் குறை இன்னும் கூடும். ஜப்பானிய கோஸோ நார்த் தாள்களும் தனி அழகு கொண்டவைதான். ஆனால் முதல் கண்காட்சிக்கு அவற்றைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

3. 'ஆர்க்கைவல்' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள்

என் முதல் லேப் தந்த விலைப்பட்டியலில் தாளின் பெயருக்குப் பதில் 'ஆர்க்கைவல் ஃபைன் ஆர்ட்' என்று மட்டும் இருந்தது. நான் அதற்கு மேல் கேட்கவில்லை. நீண்ட காலம் கெடாது என்று பொருள்படும் அந்தச் சொல்லை யாரும் எந்தத் தாளின் மேலும் எழுதிக்கொள்ளலாம் என்பதால், மூன்று கேள்விகளை நீங்களே கேட்க வேண்டும்.

தாளின் நார் எது? முழுப் பருத்தியா, ஆல்ஃபா செல்லுலோஸா? ஆல்ஃபா செல்லுலோஸ் என்பது லிக்னின் நீக்கிச் சுத்திகரித்த மரநார். அது தாழ்ந்தது அல்ல, விலையில் பருத்தியைவிடப் பெரும்பாலும் குறைவு. சாதாரண மரக்கூழில் மீந்திருக்கும் லிக்னின்தான் தாளைப் பழுப்பாக்குகிறது. செய்தித்தாளை வெயிலில் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

அமிலம் அற்றதா? ஐ.எஸ்.ஓ. 9706 என்ற தரத்தைத் தாளின் விவரக் குறிப்பில் தேடுங்கள். நீண்ட காலம் காக்க வேண்டிய ஆவணத் தாள்களுக்கான சர்வதேசத் தரம் அது.

ஒளிர்வெண்மையூட்டி சேர்க்கப்பட்டதா? விவரக் குறிப்பில் இதை ஓ.பி.ஏ. என்று சுருக்கமாகக் குறிப்பிடுவார்கள். புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக வெளியிடும் இந்த வேதிப்பொருள் தாளைப் பளிச்சென்று காட்டும். காலப்போக்கில் அதன் வலிமை குறையும்போது தாள் தன் இயல்பான மஞ்சள் சாயலுக்குத் திரும்பும். படத்தின் வெளிர் பகுதிகளும் கூடவே மாறும். கள்ள நோட்டுப் பார்க்க உதவும் சிறு புற ஊதா டார்ச் ஒன்றை வாங்கி, இருட்டில் தாளின் மேல் அடித்துப் பாருங்கள். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டி அதிகம். மங்கலாகவே இருந்தால் இல்லை அல்லது மிகக் குறைவு. வெண்மையூட்டி சிறிதளவு இருப்பதால் மட்டுமே ஒரு தாளை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் விலை கொடுத்து வாங்குபவரிடம் நீங்கள் அதை மறைக்கக் கூடாது.

4. மையும் பிரிண்டரும் அந்தத் தாளை ஏற்குமா என்று பாருங்கள்

நுண்ணிய நிறத்துகள்கள் கலந்த பிக்மென்ட் மையில் அச்சிடும் பிரிண்டரையே தேர்ந்தெடுங்கள். கரைந்த சாயத்தால் ஆன டை மை பளிச்சென்று இருந்தாலும், பொதுவாக வெளிச்சத்தில் விரைவில் மங்கும்.

பிக்மென்ட் பிரிண்டர்களில் இரண்டு கறுப்பு மைகள் உண்டு. மேட் தாளுக்கு மேட் கறுப்பு, பாரைட்டாவுக்கும் பளபளப்புத் தாளுக்கும் ஃபோட்டோ கறுப்பு. மேட் கறுப்பைப் பளபளப்புத் தாளில் அச்சிட்டால் அது ஒட்டாமல் விரலோடு வந்துவிடும். ஃபோட்டோ கறுப்பை மேட் தாளில் அச்சிட்டால் இருள் சோகையாக நிற்கும். பழைய எப்சன் பிரிண்டர்கள் பலவற்றில் ஒரு கறுப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் மை வீணாகும். 2020-இல் வந்த பி700, பி900 ஆகியவற்றில் இரண்டுக்கும் தனித்தனித் துளைகள் இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. சொந்தப் பிரிண்டர் பழையதாக இருந்தால், மேட் படங்களையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட்டுப் பாரைட்டாவுக்கு மாறுங்கள்.

ஜிஎஸ்எம் என்பது எடை, தடிமன் அல்ல. ஃபோட்டோ ராக் 308 ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. வீட்டுப் பிரிண்டரின் சாதாரணத் தாள் வழி இதை இழுக்காமல் போகலாம். கையேட்டில் தடிமன் எல்லையைப் பார்த்த பிறகே வாங்குங்கள். சில கேனன் பிரிண்டர்கள் கலைத் தாளின் இரு முனைகளிலும் 30 மில்லிமீட்டர் ஓரம் விடச் சொல்லும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

புதுச்சேரியில் செய்யப்படும் கைமுறைக் காகிதத்தின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு; அதில் அச்சிட்டால் எப்படியிருக்கும் என்று நானும் ஆசைப்பட்டுச் செய்து பார்த்தேன். இங்க்ஜெட் பூச்சு இல்லாத எந்தத் தாளிலும் மை நாருக்குள் இறங்கிப் பரவிவிடும். கறுப்பும் கூர்மையும் கிடைக்கா. தளர்ந்த நார்கள் பிரிண்டர் தலையில் சிக்கும் அபாயமும் இருக்கிறது. சான்றிதழ் எழுதவும், படங்களை வைக்கும் உறை செய்யவும் அந்தக் காகிதம் அருமையானது.

5. மாதிரித் தாளில் சோதனை அச்சு எடுக்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் தராதீர்கள்

இந்த ஒரு படியை மட்டும் நான் ஒழுங்காகச் செய்திருந்தால் 11 படங்கள் தப்பியிருக்கும்.

பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு வகையிலும் ஓரிரு தாள்கள் அடங்கிய ஏ4 மாதிரிப் பொதிகளை விற்கின்றன. லேபில் அச்சிடுவதாக இருந்தால், அவர்களிடம் இருக்கும் தாள்களில் சோதனைத் துண்டு அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். சோதனைக்கு முழுப் படத்தைச் சுருக்கி அச்சிடுவது பயன் தராது. இறுதி அளவில் படம் எப்படி இருக்குமோ அதே பெரிதாக்கத்தில் மூன்று துண்டுகளை வெட்டி எடுத்து, ஒரே ஏ4-இல் அடுக்குங்கள்: மிக இருண்ட பகுதி ஒன்று, மிக வெளிறிய பகுதி ஒன்று, முகம் அல்லது நடுத்தொனி ஒன்று. இதே கோப்பை இரண்டு அல்லது மூன்று தாள்களில் அச்சிட வேண்டும்.

அச்சிடும்போது ஐ.சி.சி. ப்ரொஃபைல் சரியாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட பிரிண்டர், குறிப்பிட்ட மை, குறிப்பிட்ட தாள் ஆகிய மூன்றும் சேர்ந்த கூட்டணிக்கு உரிய வண்ணக் கோப்பு அது. தாள் நிறுவனங்கள் தங்கள் தளங்களில் இலவசமாகத் தருகின்றன. அதனுடன் பிரிண்டர் மென்பொருளில் எந்த மீடியா வகையை (தாள் வகையை) தெரிவு செய்ய வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும், அதையும் அப்படியே பின்பற்ற வேண்டும். ஃபோட்டோஷாப்பிலோ லைட்ரூமிலோ ப்ரொஃபைலைத் தெரிவு செய்தால், பிரிண்டர் மென்பொருளில் வண்ண நிர்வாகத்தை அணைத்துவிடுங்கள். இரண்டு இடத்திலும் இயங்கினால் வண்ணம் இருமுறை திருத்தப்பட்டு, தோல் நிறம் சிவந்துபோகும். லேப் என்றால் அவர்களுடைய ப்ரொஃபைலைக் கேட்டு வாங்கி, அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே முன்கூட்டிக் காட்டும் சாஃப்ட் ப்ரூஃப் பாருங்கள். உங்கள் திரையின் பிரகாசத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் வையுங்கள்; அதைவிட அதிகமாக இருந்தால், எந்தத் தாளில் அச்சிட்டாலும் படம் இருண்டே தோன்றும். அதற்குத் தாளைக் குறை சொல்ல முடியாது.

சோதனை அச்சைச் சூட்டோடு சூடாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஓர் இரவு உலரவிட்டு, மறுநாள் சன்னல் ஓரப் பகல் வெளிச்சத்திலும், பிறகு கண்காட்சிக் கூடத்தில் எரியும் விளக்கின் கீழும் பாருங்கள். பல கூடங்களில் மஞ்சள் சாயல் கொண்ட எல்.இ.டி. விளக்குகளே இருக்கின்றன, அவற்றில் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய இல்லாததால், வெண்மையூட்டி கலந்த தாள் பகலில் காட்டிய பளிச்சென்ற வெண்மையை அங்கே காட்டாது.

இன்னொன்றையும் செய்யுங்கள்: சோதனைத் துண்டின் மேல் ஒரு சாதாரணக் கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். சாதாரணக் கண்ணாடி தன் இரு பரப்புகளிலுமாகச் சுமார் 8 விழுக்காடு ஒளியை எதிரொளிக்கும். வெளிச்சமான அறையில் அந்த எதிரொளிப்பு பாரைட்டாவின் ஆழ்ந்த கறுப்பையும் மூடிவிடுவதால், மேட் தாளுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றும். கண்ணாடியோடுதான் மாட்டப் போகிறீர்கள் என்றால், பாரைட்டாவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தேவைதானா என்று அப்போதே தெரிந்துவிடும்.

6. செலவைத் தாளின் அளவில் கணக்கிடுங்கள்

லேப்கள் பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில் வாங்குகின்றன. அது படத்தின் அளவுக்கா, வெள்ளை ஓரமும் சேர்ந்த தாளின் அளவுக்கா என்று முதலில் கேளுங்கள். 12×18 அங்குலப் படம் ஒன்றரைச் சதுர அடி. நான்கு பக்கமும் 2 அங்குல ஓரம் விட்டால் தாள் 16×22 அங்குலம், அதாவது ஏறக்குறைய 2.44 சதுர அடி. சதுர அடிக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 450 ரூபாய் என்று நினைத்த அச்சு 733 ரூபாய் ஆகிறது. 18 படங்களுக்கு இந்த வேறுபாடு மட்டுமே 5,000 ரூபாயைத் தாண்டும்.

சொந்தப் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் தாளையும் சுருளையும் ஒப்பிட வேண்டும். 24 அங்குல அகலமும் 15 மீட்டர் நீளமும் கொண்ட சுருளில் சுமார் 98 சதுர அடி கிடைக்கும். சதுர அடி விலை வெட்டிய தாளைவிடக் குறைவாகவே வரும். ஆனால் சுருளின் கடைசிப் பகுதியில் வளைவு நிமிராது. 20 படங்களுக்குக் குறைவாக இருந்தால் ஏ2 தாள் பெட்டியே போதும். 3:2 விகிதப் படத்துக்கு ஏ2 நன்றாகப் பொருந்துகிறது: இரு முனைகளிலும் 40 மில்லிமீட்டர் விட்டால் படம் 514×343 மில்லிமீட்டர் ஆகும், மேலும் கீழும் 38 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓரம் மீதமிருக்கும்.

பத்தில் ஒரு தாள் வீணாகும் என்று வைத்தே வாங்குங்கள். ஃப்ரேம் செலவு பல சமயம் அச்சுச் செலவை மிஞ்சும். தாளுக்கு ஒதுக்கிய பணத்தை முழுவதும் செலவழித்த பிறகு மலிவு ஃப்ரேமுக்கு இறங்குவதைவிட, ஒரு படி எளிய தாளும் நல்ல ஃப்ரேமும் மேலானவை.

7. எழுத்தில் வாங்க வேண்டியவை

வேலையை ஒப்படைக்கும்போது ஆணைத் தாளில் நிறுவனத்தின் பெயர், தாளின் முழுப் பெயர், ஜிஎஸ்எம், பிரிண்டர் மாதிரி, மை வகை, படத்தின் அளவு, ஓரத்தின் அளவு, மறு அச்சு யார் செலவில் என்ற நிபந்தனை ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். பில்லிலும் தாளின் பெயர் வரச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்ட சோதனைத் துண்டின் பின்புறம் இரு தரப்பும் தேதியிட்டுக் கையெழுத்திடுவது நல்லது. பிறகு வாக்குவாதம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் துண்டு இருக்கும். எனக்கு நேர்ந்தபோது என் கையில் வெறும் ரசீதுதான் இருந்தது, அதனால் மறு அச்சுச் செலவை நானே ஏற்றேன்.

படத்தை விற்பதானால் மெய்ச்சான்றிதழ் ஒன்றும் தேவை. தலைப்பு, படமெடுத்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு, தாள், மை, பதிப்பின் மொத்த எண்ணிக்கையில் இது எத்தனையாவது, உங்கள் கையெழுத்து ஆகியவை போதும். மேட் தாளின் வெள்ளை ஓரத்தில் பென்சிலால் கையெழுத்திடலாம். விற்ற ஒவ்வோர் எண்ணையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

8. நாட்களைப் பின்னோக்கி எண்ணுங்கள்

தொடக்க விழாவிலிருந்து 60 நாள் முன்னதாகத் தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் மாதிரித் தாளுக்கும் சோதனைக்கும் போகும். உள்ளூரில் இருப்பில் இல்லாத தாள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தால் காத்திருப்பு வாரக்கணக்கில் நீளும் என்பதால், தாளை முடிவு செய்த அன்றே இருப்பை உறுதி செய்யுங்கள். எல்லாப் படங்களுக்கும் வேண்டிய தாளை ஒரே தொகுப்பில் வாங்குங்கள். தொகுப்புக்குத் தொகுப்பு வெண்மை சற்றே மாறலாம். அச்சுக்கு ஒரு வாரம், மறு அச்சுக்கு இன்னொரு வாரம், ஃப்ரேமுக்கு இரண்டு வாரம் என்று ஒதுக்கினால் கடைசி நாட்களில் ஓட வேண்டியிருக்காது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதற்கு மேலும் ஒரு வாரம் சேருங்கள். மழைக்காலத்தில் எதுவும் குறித்த நேரத்தில் உலர்வதில்லை.

9. கையாளுதல், உலர்த்துதல், ஃப்ரேம்

தாள் 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதத்தில் இருப்பதை விரும்புகிறது. சென்னைக் காற்றோ பல மாதங்கள் 70-ஐத் தாண்டி நிற்கிறது. பெட்டியைத் திறந்த பிறகு மீதித் தாளைத் தன் பாலித்தீன் உறையிலேயே சிலிக்கா ஜெல் பையுடன் மூடி, தரையிலிருந்து உயர்த்திப் படுக்கை வாட்டில் வையுங்கள். ஈரம் ஏறிய தாள் அலையலையாக நெளிந்து, பிரிண்டர் தலை அதன் மேல் உரசும். வெள்ளிமீன் பூச்சிக்குப் பருத்தித் தாள் விருந்து.

அச்சிடும் முன் பருத்தித் தாளின் முகத்தை மென்மையான அகலப் பிரஷ்ஷால் துடையுங்கள். ஒட்டியிருக்கும் நார்த்துகள் மேல் மை விழுந்து, துகள் பிறகு உதிரும்போது அந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். எந்தப் பக்கம் பூச்சு என்று தெரியவில்லையென்றால், ஈர விரலால் தாளின் மூலையைத் தொடுங்கள். ஒட்டும் பக்கமே அச்சிட வேண்டிய பக்கம். பருத்திக் கையுறை அணிந்து தாளை இரு எதிர் மூலைகளில் பிடித்துத் தூக்குங்கள். ஒற்றைக் கையால் தூக்கினால் பிறை வடிவில் மடிப்பு விழும், அது போகாது.

அச்சு குறைந்தது 24 மணி நேரம் திறந்த நிலையில் உலர வேண்டும். பிறகு அமிலமற்ற வெள்ளைத் தாளை இடையில் வைத்து அடுக்கி ஒரு நாள் விடுங்கள். மையிலுள்ள கரைப்பான்கள் ஆவியாகி வெளியேற அது உதவும். அவசரப்பட்டு ஃப்ரேம் போட்டால் அந்த ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் பனிப்படலம்போல் படியும்.

ஃப்ரேம் கடையில் நேரில் நின்று மூன்றைச் சொல்லுங்கள். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. இடையே மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும், நடுவில் வெட்டிய தடித்த அட்டை) இருக்க வேண்டும், அதுவும் அமிலமற்றதாக இருக்க வேண்டும். என் படங்களில் இரண்டு, கண்ணாடியோடு நேரடியாகச் சேர்த்து அடைக்கப்பட்டதால், அடுத்த மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியாமல் போயின. படத்தைப் பின்பலகையில் பசை தடவி முழுதாக ஒட்டக் கூடாது, செலோ டேப்பும் கூடாது. மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய ஜப்பானியத் தாளால் கீல் போட்டு, கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டித் தொங்கவிட வேண்டும். அப்போதுதான் காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தாள் விரிந்து சுருங்க இடம் இருக்கும். கடைசியாக, ஃப்ரேமின் பின்புறம் கீழ் மூலைகள் இரண்டிலும் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டச் சொல்லுங்கள். சுவருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே காற்றோட்டம் இருந்தால், சுவரின் ஈரம் பின்பலகையில் ஏறாது.